விரித்த சிறகும் தூக்கிய காலும்

காட்டை ஒட்டி ஓர் ஏரி. கோடை வந்தால் அது பாதியாகச் சுருங்கிவிடும். தண்ணீர் வற்றிய இடமெல்லாம் சரளைக்கல்லும் வெடித்த மண்ணும்தான். அந்தச் சரளையில், ஒரு புல் மறைப்பு கூட இல்லாத வெட்டவெளியில், சிந்தூரி என்ற ஆள்காட்டிக் குருவி நாலு முட்டை இட்டிருந்தாள்.

கூடா? கூடெல்லாம் கிடையாது. தரையில் லேசாக ஒரு குழி. சுற்றிலும் சில கூழாங்கற்கள். முட்டையும் கல் நிறம், கல்லும் முட்டை நிறம். கொஞ்சம் தள்ளி நின்று பார்த்தால் பெற்றவளுக்கே சந்தேகம் வரும்.

சிந்தூரிக்குக் கண்ணுக்கு முன்னால் சிவப்பாக ஒரு தீற்றல். குங்குமத்தை அவசரமாக இழுத்துவிட்டது போல இருக்கும். அந்தச் சிவப்பைவிட நாக்கு காரம். அவள் கணவன் நெட்டையன். நீண்ட மஞ்சள் கால், அதிகம் பேசாத வாய். அந்த வீட்டில் பேச்சுக்குப் பஞ்சம் வராமல் பார்த்துக்கொண்டவள் சிந்தூரிதான்.

"உங்க ஆளுங்க ஏன் மரத்துல கூடு கட்டறதே இல்ல?" என்று ஒரு நாள் காக்கை நைசாகக் கேட்டது.

"ஏன், உன் கண்ணுல தட்டுப்படாம போகுதேன்னு கவலையா?" என்றாள் சிந்தூரி. காக்கை அதற்குப் பிறகு அந்தப் பக்கம் விசாரிக்க வரவில்லை.

ஆள்காட்டிக் குலத்தில் ஒரு கட்டுப்பாடு உண்டு. முட்டை என்ற சொல்லை வாயால் சொல்லக் கூடாது. "இங்கே வராதே" என்றுகூடச் சொல்லக் கூடாது. வராதே என்றால் அங்கே என்னவோ இருக்கிறது என்றுதானே அர்த்தம்? காக்கைக்கும் கீரிக்கும் பாம்புக்கும் அந்த ஒரு வார்த்தை போதாதா? ஆகவே வாய்க்கு ஒரே வேலைதான். யாரைக் கண்டாலும், "ஆள் வருது! ஆள் வருது!" என்று கத்த வேண்டும். மற்றதையெல்லாம் உடம்புதான் சொல்ல வேண்டும்.

அதிலும் இரண்டு வகை. பல்லுக்காரர்களுக்கு ஒரு சைகை. குளம்புக்காரர்களுக்கு வேறொரு சைகை.

கீரி வந்தால், சிந்தூரி சத்தமில்லாமல் எழுந்து தூரமாக ஓடிய பிறகுதான் கத்துவாள். அங்கே போய் ஒரு சிறகைத் தொங்கப் போட்டு, நொண்டி நொண்டி விழுவாள். "ஐயோ, என் றெக்கை போச்சே!" என்று அழுவாள். கீரி வாயில் எச்சில் ஊற அவள் பின்னால் ஓடும். ஏரியின் அந்தக் கோடி வரைக்கும் இழுத்துக்கொண்டு போய்விட்டு, கைக்கெட்டும் நேரத்தில் விர்ரென்று பறந்துவிடுவாள்.

"மறுபடியும் ஏமாத்திட்டியே!" என்று கீரி கத்தும்.

"மறுபடியும் ஏமாந்தியே, அதைச் சொல்லு!" என்பாள் சிந்தூரி மேலேயிருந்து.

மானோ ஆடோ வந்தால் நடிப்பு கிடையாது. அவை முட்டையைத் தின்பதில்லை, மிதிக்கத்தான் செய்யும். அதனால் முட்டைகளுக்கு முன்னால் நின்றுகொண்டு இரண்டு சிறகையும் அகல விரிப்பாள். அவ்வளவுதான். இந்த ஏரிக்கரையில் தலைமுறை தலைமுறையாக மேய்கிற மானுக்கும் ஆட்டுக்கும் அது தெரியும். விரித்த சிறகைக் கண்டதும் வளைந்து போய்விடும். ஏன் என்று கேட்காது. இவளும் சொல்ல மாட்டாள். இப்படியே நன்றாகத்தான் நடந்துகொண்டிருந்தது.

அந்தக் கோடையில்தான் கொம்பாயி வந்து சேர்ந்தாள்.

மலைக்கு அந்தப் பக்கத்துக் காட்டு எருமை அவள். அங்கே குட்டையெல்லாம் காய்ந்துபோனதால் தண்ணீரைத் தேடி வந்தாள். பாறை ஒன்று எழுந்து நடந்து வருவது போல இருந்தாள். முதுகில் வெள்ளைச்சாமி என்ற உண்ணிக்கொக்கு உட்கார்ந்திருந்தான். எருமையின் உடம்பில் ஒட்டியிருக்கும் உண்ணிகளைக் கொத்தித் தின்பதுதான் அவன் பிழைப்பு. மலைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் போய் வருகிறவன், நாலு இடம் பார்த்தவன்.

கொம்பாயி நேராகச் சரளைப் பக்கம் நடந்து வந்தாள்.

"ஆள் வருது! ஆள் வருது!" என்று கத்திக்கொண்டே சிந்தூரி ஓடிப்போய் முன்னால் நின்றாள். இரண்டு சிறகையும் அகல விரித்தாள். கறுப்பும் வெள்ளையுமாகச் சிறகு வெயிலில் பளீரென்றது.

கொம்பாயி நின்றாள். காதை ஆட்டினாள். பெரிய ஈரமூக்கை நீட்டி, புஸ்ஸென்று மூச்சு விட்டாள். பிறகு என்ன நினைத்தாளோ, திரும்பித் தண்ணீரை நோக்கிப் போய்விட்டாள்.

"பாத்தீங்களா? பயந்துட்டா!" என்று சிந்தூரி கணவனிடம் பெருமையடித்துக்கொண்டாள். "உடம்புதான் பாறை மாதிரி. உள்ள ஒண்ணுமில்ல!"

நெட்டையன் தலையைச் சாய்த்துக் கொம்பாயி போன திசையைப் பார்த்தான். "பயந்த மாதிரி தெரியலையே. சிரிச்ச மாதிரி இல்ல இருந்தது?"

"எருமை சிரிச்சு நீங்க எங்க பாத்தீங்க?"

அவன் முட்டைகளின் மேல் போய் உட்கார்ந்துகொண்டான்.

மறுநாளும் கொம்பாயி வந்தாள். நேற்றைவிடக் கிட்டத்தில் வந்தாள். சிந்தூரியும் நேற்றைவிட அகலமாகச் சிறகை விரித்தாள். கொம்பாயி தலையைத் தாழ்த்தி, கண்ணைப் பாதி மூடி, அப்படியே நின்றாள். கொம்பு இரண்டும் சிந்தூரிக்கு நேராக இருந்தன.

'திமிரைப் பாரு! முட்ட வர்றா!' என்று சிந்தூரிக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது.

நல்லவேளையாக வெயில் ஏறியது. கொம்பாயிக்குத் தோல் காய்ந்தது. மெதுவாகத் திரும்பித் தண்ணீருக்குள் இறங்கிவிட்டாள்.

அன்று மாலை வெள்ளைச்சாமி மட்டும் தனியாகப் பறந்து வந்தான். மரியாதையாகத் தள்ளியே நின்றான்.

"அக்கா, ஒரு விஷயம். கோவிச்சுக்கக் கூடாது."

"கோவிச்சுக்கற மாதிரி விஷயத்தை எதுக்குச் சொல்றே?"

"நீங்க றெக்கையை விரிக்கிறீங்க. அதுக்கு உங்க பக்கத்துல ஏதோ அர்த்தம் இருக்கும்போல. கொம்பாயி அதை வேற மாதிரி எடுத்துக்கறா. அவ என்ன நினைக்கிறான்னா..."

"அவ என்னத்தையும் எடுத்துக்க வேண்டாம். வந்த வழியே போனா போதும்!"

"அதைத்தான் சொல்றேன். அர்த்தம் என்னன்னு எங்கிட்ட சொல்லுங்க. பக்குவமா அவகிட்ட சொல்லிடறேன். எங்கிட்ட சொன்னா வெளியில போகாது."

சிந்தூரி அவனை மேலும் கீழும் பார்த்தாள். "எங்க வீட்டுக்கும் எருமைக்கும் நடுவுல உண்ணி பொறுக்கறவன் தரகனா? இந்த ஏரியில மானுக்குப் புரியுது, ஆட்டுக்குட்டிக்குப் புரியுது. அவளுக்கு மட்டும் மொழிபெயர்ப்பு வேணுமோ? புரியலைன்னா அது அவ மண்டைக் கோளாறு!"

வெள்ளைச்சாமியின் கழுத்து சுருங்கியது. "சரிக்கா. உங்க பாடு," என்று பறந்துவிட்டான்.

இதையெல்லாம் நெட்டையன் கேட்டுக்கொண்டுதான் இருந்தான்.

"சொல்லியிருக்கலாம், சிந்தூரி. நல்ல மாதிரியாத்தான் கேட்டான்."

"எதைச் சொல்றது? அந்த வார்த்தையையா? நம்ம ஆளுங்க யாராவது இதுவரைக்கும் சொல்லியிருக்காங்களா?"

"நம்ம ஆளுங்க யாரும் இதுவரைக்கும் எருமையைப் பாத்ததில்லையே."

பதில் கிடைக்காதபோது என்ன செய்வாளோ அதையே சிந்தூரி செய்தாள். குரலை உயர்த்தினாள். "நாளைக்கு இன்னும் நல்லா விரிச்சுக் காட்டறேன். புரியாம எங்க போயிடும்?"

புரியாதவர்களிடம் சத்தமாகப் பேசினால் புரிந்துவிடும் என்று நினைக்கிற சிலர் உண்டு. சிந்தூரி அதையே சிறகால் செய்யப் பார்த்தாள்.

மறுநாள் உச்சி வெயில். சரளைக்கல் அடுப்பில் வைத்த தோசைக்கல்லாகக் காய்ந்தது. இப்படிச் சுடும்போது முட்டைகள் வெந்துவிடும். அதற்கும் அவர்களிடம் ஒரு வழி உண்டு. ஒருவர் நிழலாக நிற்க, மற்றவர் ஓடிப்போய்த் தண்ணீரில் வயிற்றுச் சிறகை நனைத்துக்கொண்டு வந்து முட்டைகளின் மேல் உட்கார வேண்டும். மாறி மாறி ஓட வேண்டும். சிந்தூரி நனைத்துக்கொண்டு திரும்பி வரும்போது பார்த்தாள்.

கொம்பாயி வந்துகொண்டிருந்தாள். வெள்ளைச்சாமியைக் காணோம். வாயில் ஒரு கத்தைப் பசும்புல். ஏரியின் நடுத்திட்டிலிருந்து பறித்தது. தண்ணீர் சொட்டச் சொட்ட எடுத்து வருகிறாள்.

"ஆள் வருது! ஆள் வருது!" என்று நெட்டையன் சிறகை விரித்தான். சிந்தூரி பாய்ந்து வந்து அவன் பக்கத்தில் நின்று தானும் விரித்தாள். இரண்டு ஜோடிச் சிறகு. இதற்கு மேல் எப்படிச் சொல்வது?

கொம்பாயியின் கண் ஈரமாகிவிட்டது.

"புருஷனும் பெண்டாட்டியுமா வந்து நிக்கிறீங்களே!" என்று புல்லைக் கீழே போட்டாள். "தினமும் நீ இப்படி நிக்கிறதைப் பாத்துட்டு வெறும் வாயோட எப்படி வர்றதுன்னுதான், தாயி, திரும்பித் திரும்பிப் போயிட்டேன். ஏதோ என்னால முடிஞ்சது. இந்தா!"

சிந்தூரிக்கு ஒன்றும் புரியவில்லை. புரியாததைக் கேட்கவும் இல்லை. மூக்கு நீண்டுகொண்டே வந்தது. பாய்ந்து அந்த மூக்கில் ஓங்கி ஒரு கொத்து கொத்தினாள். இன்னொரு கொத்து.

கொம்பாயிக்கு அலகால் கொத்துகிறவர்கள் எல்லோரும் வெள்ளைச்சாமி மாதிரிதான். வேண்டியவர்கள்தான் கொத்துவார்கள். சுகமாகக் கண்ணை மூடிக்கொண்டாள்.

"அப்படித்தான் தாயி, அங்கதான்!" என்று இன்னும் ஓர் அடி முன்னால் வைத்தாள்.

பெரிய சத்தமெல்லாம் இல்லை. காய்ந்த சருகை மிதித்த சத்தம்தான்.

சிந்தூரி அலறினாள். அது "ஆள் வருது" இல்லை. அந்த ஏரியில் யாரும் அதுவரை கேட்காத சத்தம்.

கொம்பாயி திடுக்கிட்டுக் காலைத் தூக்கினாள். குளம்பிலிருந்து மஞ்சளாக ஏதோ ஒழுகியது. அவளுக்கு அது என்னவென்று தெரியவில்லை. ஆனால் ஏதோ ஆகாதது நடந்துவிட்டது என்பது மட்டும் தெரிந்தது. தூக்கிய காலை எங்கே வைப்பதென்று தெரியாமல் அப்படியே நின்றாள். அவ்வளவு பெரிய உடம்பு மூன்று காலில் நடுங்கியது.

"என்ன ஆச்சு தாயி? எதை மிதிச்சேன்? சொல்லு தாயி!"

நாலில் மூன்று போய்விட்டது. நாலாவது முட்டை உருண்டு, தூக்கிய குளம்புக்கு நேர் கீழே கிடந்தது. கால் இறங்கினால் அதுவும் இல்லை.

சிந்தூரி சிறகை விரிக்கவில்லை.

"கொம்பாயி! முட்டை!" என்று கத்தினாள். "உன் காலுக்குக் கீழ என் முட்டை இருக்கு! காலை அங்க வைக்காதே! பின்னால வை! பின்னால!"

கொம்பாயி காலைப் பின்னால் வைத்தாள். அடுத்த காலையும் வைத்தாள். குனிந்து பார்த்துப் பார்த்து, ஒவ்வொரு கல்லாகப் பார்த்து, பின்வாங்கிப் போனாள்.

இவ்வளவுதான். நாலு வார்த்தை. சொன்னவுடனே புரிந்துகொண்டாள். மண்டைக் கோளாறும் இல்லை, ஒன்றும் இல்லை.

குளம்புக்குத் தப்பி ஒதுங்கியிருந்த நெட்டையன் கிட்டே வந்தான். உடைந்ததைப் பார்த்தான். மிச்சமிருந்த ஒன்றைக் காலாலும் அலகாலும் மெல்லக் குழிக்குள் தள்ளி, அதன் மேல் உட்கார்ந்துகொண்டான். 'நான் அப்பவே சொன்னேனே' என்று அவன் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் சிந்தூரி சண்டையாவது போட்டிருப்பாள்.

"முட்டையா!" என்றாள் கொம்பாயி. "அப்போ நீ றெக்கையை விரிச்சது?"

"வராதேன்னு சொன்னேன்."

"எங்க காட்டுல மயிலுங்கதான் விரிக்கும், தாயி. கன்னுக்குட்டியில இருந்து பாக்கறேன். விரிச்சா சந்தோஷமா இருக்குன்னு அர்த்தம். கிட்ட போய் நின்னு பாக்கலைன்னா அதுங்களுக்கு மனசு சங்கடப்படும். நீ தினமும் விரிச்சே. நான் வர்றதை ஊருக்கே கூவிச் சொன்னே. அந்நிய ஊர்ல நமக்கு இப்படி ஒருத்தியான்னு..." குளம்பில் ஒட்டியிருந்த மஞ்சளைக் குனிந்து பார்த்தாள். "வாயால ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?"

சிந்தூரி உடைந்த ஓடுகளை ஒவ்வொன்றாக அலகால் எடுத்து ஓரமாக வைத்தாள்.

அவள் கத்தியது ஏரி முழுக்கக் கேட்டிருந்தது. கீரிக்கும் கேட்டது. பொழுது சாய்வதற்குள் மோப்பம் பிடித்துக்கொண்டு வந்துவிட்டது. சிந்தூரி நொண்டப் போனாள். அன்றைக்கு அவளுக்கு நடிப்பு வரவில்லை. அதற்குள் கொம்பாயி தலையைத் தாழ்த்தி, கொம்பை நீட்டிக்கொண்டு ஓடி வந்தாள். கீரி வாலைச் சுருட்டிக்கொண்டு புதருக்குள் பாய்ந்தது. எருமை உண்மையாகவே முட்ட வந்தால் எப்படி இருக்கும் என்று சிந்தூரி அப்போதுதான் பார்த்தாள். தன்னிடம் தாழ்ந்த தலை இப்படி இருக்கவில்லை.

அதன் பிறகு கொம்பாயி தினமும் வந்தாள். ஆனால் தூரத்திலேயே நின்றாள். காலையில் வந்து நின்றால் பொழுது சாய்கிறவரை, வெயிலில் தோல் வெடித்தாலும், காவலாக நின்றாள். ஓர் அடிகூட முன்னால் வரவில்லை.

ஒரு நாள் சிந்தூரி தானாகவே வெள்ளைச்சாமியைத் தேடிப் போனாள்.

"தம்பி, அன்னிக்கு நான் பேசினது தப்பு."

"விடுங்கக்கா."

"எருமைங்க பக்கத்துல, தள்ளி நிக்கிறதுக்கு என்ன அர்த்தம்?"

வெள்ளைச்சாமி தூரத்தில் நின்ற கொம்பாயியைத் திரும்பிப் பார்த்தான். "மூச்சுக் காத்து படற அளவுக்குக் கிட்ட நின்னா, நீ எனக்கு வேண்டியவன்னு அர்த்தம். தள்ளி நின்னா, உன் முகத்துல விழிக்கப் பிடிக்கலைன்னு அர்த்தம். யாரையாவது ரொம்ப வெறுத்தாத்தான் தள்ளி நிப்பாங்க."

"அப்போ கொம்பாயி என்னை..."

"இல்லக்கா. இப்ப அவ உங்க பாஷையில நிக்கிறா. அவ பாஷையில அது எவ்வளவு வலின்னு எனக்குத் தெரியும்."

மிஞ்சிய ஒரு முட்டை பொரிந்தது. பஞ்சுருண்டைக்குக் குச்சிக் கால் முளைத்தது போல ஒரு குஞ்சு. பிறந்த அன்றே சரளையில் ஓட ஆரம்பித்துவிட்டது. அது தனியாக ஓடுவதைப் பார்க்கப் பார்க்கச் சிந்தூரிக்கு, கூட ஓட வேண்டியவை ஓடாததும் தெரிந்துகொண்டே இருந்தது.

வானம் கறுக்க ஆரம்பித்தது. மழை வந்தால் கொம்பாயி மலையைத் தாண்டித் தன் காட்டுக்குத் திரும்பிவிடுவாள்.

சிந்தூரி சரளையைக் கடந்து நடந்தாள். கொம்பாயி நிற்கிற இடம் வரைக்கும் நடந்தாள். அந்த ஈரமூக்கின் மூச்சு தன் மேல் படுகிற அளவுக்குக் கிட்டத்தில் போய், சிறகை ஒடுக்கிக்கொண்டு நின்றாள். அவள் குலத்தில் யாரும் எந்தக் குளம்புக்கும் அவ்வளவு அருகில் நின்றதில்லை.

கொம்பாயி கண்ணைத் திறந்து பார்த்தாள். என்ன சொல்ல வந்திருக்கிறாள் என்று அவளுக்குப் புரிந்தது. நன்றாகவே புரிந்தது.

பிறகு மெல்லத் திரும்பி, தன் பின்னங்காலுக்குக் கீழே என்ன இருக்கிறது என்று உற்றுப் பார்த்துவிட்டு, ஓர் அடி பின்னால் வைத்தாள்.

"வேண்டாம் தாயி. நீ அங்கயே இரு," என்றாள். "குஞ்சு எங்க ஓடுதோ, தெரியல."

முதல் மழை விழுந்ததும் அவள் போய்விட்டாள். மலைக்கு அந்தப் பக்கத்தில் மற்ற எருமைகள் அவளைக் கேலி செய்வதாக வெள்ளைச்சாமி வந்து சொன்னான். ஒவ்வொரு அடி வைக்கும் முன்பும் குனிந்து தரையைப் பார்க்கிறாளாம். மயில் தோகை விரித்தால் கிட்டவே போவதில்லையாம்.

நம் வீட்டுச் சைகை அடுத்த வீட்டில் வேறொன்றைச் சொல்லலாம். ஆகவே உயிர் போகிற காரியத்தைச் சைகைக்கு விட்டுவிடாமல் வாயைத் திறந்து சொல்லிவிட வேண்டும், புரியாததைக் காலம் கடக்கும் முன் கேட்டுவிட வேண்டும்.